மூழ்கிய பயிருக்கு நிவாரணம்: ஒரு கடைமடை வாடிக்கையாளரின் மதிப்புரை

கஜா புயலிலிருந்து கணக்கு வைத்தால், அரசு தரும் பயிர்ச் சேத நிவாரணம் என் கைக்கு வந்த வருடமும் உண்டு, வராத வருடமும் உண்டு. பயிர்க் காப்பீடும் அப்படித்தான். இத்தனை வருடம் பயன்படுத்தியவன் என்ற தகுதியில் இந்த இரண்டுக்கும் ஒரு மதிப்புரை எழுதுகிறேன். செல்போனுக்கு எழுதுகிறார்கள், பிரியாணிக் கடைக்கு எழுதுகிறார்கள். ஒரு குடும்பம் அடுத்த சாகுபடிப் பட்டத்துக்கு நாற்று விடுமா, நகையை அடகு வைக்குமா என்பதை முடிவு செய்கிற சேவைக்கு யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

என் ஊர் நாகை, திருவாரூர் மாவட்டங்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது. காவிரியின் கடைமடை. ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தாலும் எங்கள் மதகுக்குத் தண்ணீர் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் மட்டும் மேலே இருக்கிற ஊர்த் தண்ணீரெல்லாம் தாமதமே இல்லாமல் வந்துவிடும். வடிகால் முழுக்க ஆகாயத்தாமரை. சொந்தத்தில் ஆறு மா, குத்தகையில் ஒன்பது மா, ஆக ஐந்து ஏக்கர். சம்பாவுக்குப் பெரும்பாலும் சி.ஆர். 1009 நெல் ரகம், எங்கள் பக்கம் பொன்மணி என்போம். அறுத்த ஈரத்தில் உளுந்து. கொல்லையில் கொஞ்சம் தென்னை இருந்தது, கஜா வரைக்கும்.

முதலில் நிவாரணம். மழை, வெள்ளம், புயல் எதுவானாலும் பயிர் 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் என்றால் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து பணம். 2015-க்கு முன்னால் பாதிப் பயிர் போயிருக்க வேண்டும். அந்த வருடம்தான் 33 என்று குறைத்தார்கள். பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் என்று ரொம்ப நாள் இருந்தது. 2022-ல் விதிமுறையைத் திருத்தி 17,000 ஆக்கினார்கள். மானாவாரிக்கு 8,500, மரம் மாதிரி நீண்ட காலப் பயிருக்கு 22,500. மத்திய அரசின் விதிப்படி ஒருவருக்கு இரண்டு ஹெக்டேர் வரைதான். மாநில அரசுக்கு மனம் வந்தால் தன் பணத்தைப் போட்டுக் கூட்டித் தரலாம். 2020 கடைசியில் நிவர், புரெவி என்று அடுத்தடுத்துப் புயல் வந்தபோது அப்படித்தான் 20,000 ஆக்கினார்கள், இரண்டு ஹெக்டேர் வரம்பையும் தளர்த்தினார்கள். 2021 ஜனவரி மழைக்கும் 2023 பிப்ரவரி மழைக்கும் அதே 20,000.

அதே 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. '13,500-லிருந்து 17,000 ஆக உயர்த்தி' என்று அறிவிப்பு வெளியானது. பிப்ரவரியில் 20,000 கணக்கில் வாங்கியவர்கள் இதைப் படித்துவிட்டு என்ன நினைத்திருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். அடுத்த வருடம் ஃபெஞ்சல் புயலுக்கும் 17,000 தான். டிஏபி உர விலை ஏறுகிறது, நடவுக் கூலி ஏறுகிறது, இது மட்டும் இறங்கிய விலைப்பட்டியல்.

அறிவிப்பெல்லாம் ஹெக்டேரில் வரும். நாங்கள் மாவில் யோசிப்பவர்கள். 17,000 என்பது ஏக்கருக்கு 6,880 சொச்சம், மாவுக்கு 2,300-க்குள். 20,000 என்றாலும் ஏக்கருக்கு 8,100 தான். உழவு, நாற்று, நடவு, களை, உரம், மருந்து, அறுவடை இயந்திரம் எல்லாம் சேர்த்து எனக்கு ஏக்கருக்கு 30,000-த்தைத் தாண்டிவிடுகிறது. குத்தகை தனி. ஆகவே இதைப் போன பயிருக்கு ஈடு என்று எதிர்பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். தொகையை வகுத்ததே இடுபொருள் செலவில் ஒரு பங்கு என்ற கணக்கில்தான். அடுத்த உழவுக்கு ஒரு முன்பணம் என்று எடுத்துக்கொண்டால் தொகை பற்றி எனக்குப் பெரிய சண்டை இல்லை. என் சண்டை இரண்டே விஷயத்தில்தான்: முன்பணம் என்றால் உழவுக்கு முன்னால் வர வேண்டும், உழுகிறவனுக்கு வர வேண்டும்.

கணக்கெடுப்பு எப்படி நடக்கும் என்று டவுனில் இருப்பவர்கள் கேட்பார்கள். தண்ணீர் வடிந்ததும் கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண்மை அலுவலரும் சேர்ந்து வருவார்கள். கையில் அடங்கல் என்கிற கிராமச் சாகுபடிப் பதிவேடு, சர்வே எண் பட்டியல். வரப்பில் நடந்துகொண்டே ஒவ்வொரு வயலாகப் பார்த்து எழுதிக்கொண்டு போவார்கள். விவசாயியை வயலோடு நிறுத்தி, இடமும் நேரமும் பதிகிற செயலியில் போட்டோ எடுப்பார்கள். ஒரு அலுவலருக்குப் பல கிராமம், பொழுது அடைவதற்குள் முடித்தாக வேண்டும். அவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. முழங்கால் சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த பெண் அலுவலரை நானே பார்த்திருக்கிறேன்.

கஷ்டம் அந்த 33 சதவீதத்தில் இருக்கிறது. அதை அளக்கக் கருவி எதுவும் இல்லை, கண்தான். நட்டு ஒரு மாதத்துக்குள் மூழ்கி அழுகினால் பிரச்சினை இல்லை. குத்தைப் பிடித்து இழுத்தால் தூரோடு கையில் வந்துவிடும், நாற்றமே சாட்சி சொல்லும். கதிர் முற்றிச் சாய்ந்து தண்ணீரில் கிடந்து முளைத்துவிட்டாலும் யாருக்கும் தெரியும். பூக்கும் நேரத்தில் மழை அடித்தால்தான் வம்பு. பயிர் பச்சையாக, நெட்டுக்குத்தாக நிற்கும். வரப்பிலிருந்து பார்த்தால் நல்ல வெள்ளாமை. கதிருக்குள்ளே பால் பிடித்திருக்காது.

ஒரு வருடம் எனக்கு அதுதான் நடந்தது. "பயிர் நிக்குதே அண்ணே, இதை எப்படி நான் சேதம்னு எழுதுறது?" என்று கேட்டார் அந்த அலுவலர். நியாயமான கேள்வி. நான் இறங்கிப் போய் நடு வயலில் இரண்டு கதிரை ஒடித்து வந்து, உள்ளங்கையில் வைத்துக் கசக்கி ஊதிக் காட்டினேன். பாதிக்கு மேல் பறந்துவிட்டது, அத்தனையும் கருக்காய். மிச்சத்தை அவரே நகத்தால் நசுக்கிப் பார்த்தார். எழுதிக்கொண்டார். எனக்குப் பக்கத்து வயல்காரர் அன்றைக்கு ஒரு சாவுக்குப் போயிருந்தார். அவர் வயலை வரப்பிலிருந்து பார்த்ததோடு சரி. ஒரே மழை, ஒரே ரகம், ஒரே வாரத்தில் நட்டது. எனக்குப் பணம் வந்தது, அவருக்கு வரவில்லை. வயலில் ஆள் நின்றால் ஒரு முடிவு, நிற்காவிட்டால் ஒரு முடிவு என்பது சேவையின் தரத்தில் பெரிய ஓட்டை.

அறுவடை நேரத்து மழைக்கு வேறு ஒரு தலைவலி உண்டு. 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் பெய்ததே, அது மாதிரி. பயிர் சாய்ந்து கிடக்கிறது, சேற்றில் டயர் வைத்த அறுவடை வண்டி இறங்காது, பெல்ட் வண்டிக்கு ஊரே வரிசையில் நிற்கிறது. வண்டி கிடைக்கிற நேரத்தில் அறுத்தால்தான் முளைக்காத நெல்லாவது மிஞ்சும். அறுத்துவிட்டால் கணக்கெடுக்க வருகிறவர்களுக்கு வயலில் அடித்தாள்தான் தெரியும். அறுக்காமல் காத்திருந்தால் மிச்சமும் முளைத்துவிடும். "நீங்க அறுத்துடுங்க, போட்டோ மட்டும் எடுத்து வச்சுக்குங்க" என்று சொல்கிற அலுவலரும் இருக்கிறார். "பயிர் இருந்தால்தான் எழுத முடியும்" என்கிறவரும் இருக்கிறார். இதற்கு எழுத்தில் ஒரு விதி போட்டு ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டினால் பாதிச் சண்டை தீரும்.

கொடுத்ததில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் கஜாவின்போது தென்னைக்குக் கொடுத்ததைச் சொல்வேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறியது அந்தப் புயல். மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500, மொத்தம் 1,100. ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய். காய்க்கிற மரம் ஒன்று 1,100 ரூபாய்தானா என்று கேட்டவர்கள் கேட்டது சரி. புதுக் கன்று வைத்தால் நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருடம் ஆகிவிடும். ஆனாலும் கணக்கில் தகராறு குறைவாக இருந்தது. மரத்தை எண்ணலாம். தூரில் சுண்ணாம்பால் எண் போட்டு வைத்தோம், வந்தார்கள், எண்ணினார்கள், எழுதினார்கள். விழாமல் நின்று, குருத்து திருகிக்கொண்டு, சித்திரையில் கொண்டை சாய்ந்த மரங்கள்தான் எந்தப் பட்டியலிலும் ஏறாமல் போயின. என் கொல்லையிலும் அப்படிச் சில.

யோசனையில் சிறந்தது என்றால் 2021 நவம்பர் அறிவிப்பு. நட்ட சம்பா அழுகியவர்களுக்கு ஹெக்டேருக்கு 6,038 ரூபாய் மதிப்பில் பொருள்: குறுகிய கால விதைநெல் 45 கிலோ, நுண்ணூட்ட உரம் 25 கிலோ, யூரியா 60 கிலோ, டிஏபி 125 கிலோ. முழங்காலளவு தண்ணீரில் நிற்கிற விவசாயிக்கு அப்போது என்ன வேண்டும் என்று தெரிந்த யாரோ எழுதிய பட்டியல் அது. பணமாகக் கொடுத்தால் கடைக்காரனுக்கும் வட்டிக்காரனுக்கும் போய்விடும். விதையாகக் கொடுத்தால் வயலுக்குப் போகும். ஒரே நிபந்தனை, தண்ணீர் வடிந்த வாரத்திலேயே மூட்டை வந்து இறங்க வேண்டும். கார்த்திகை தாண்டித் தெளித்தால் பட்டம் தவறிவிடும். அறிவிப்பு வந்தபோதே எங்கள் பக்கத்தில் பலர் கடனுக்கு விதை வாங்கித் தெளித்துவிட்டிருந்தார்கள்.

வேகம் என்று எடுத்தால் 2021 ஜனவரிதான் முதலிடம். பொங்கலுக்குப் பானை வைக்கக்கூட விடாத மழை. மாதம் முடிவதற்குள் அறிவிப்பு வந்துவிட்டது: 11.43 லட்சம் விவசாயிகளுக்கு 1,116.97 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் தலைக்குப் பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பிப்ரவரியில் கூட்டுறவு வங்கிகளில் 16.43 லட்சம் பேரின் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனும் தள்ளுபடி. ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தல். வேகமாகத் தர முடியும் என்பது அன்றைக்கே நிரூபணமாகிவிட்டது, ஆகவே மற்ற வருடங்களில் 'கணக்கெடுப்பு நடைபெற்று வருகிறது' என்ற பதிலை நான் பாதிதான் நம்புகிறேன்.

இப்போது குத்தகை. டெல்டாவில் உழுகிறவர் பெயரும் பட்டாவில் உள்ள பெயரும் ஒன்றாக இருந்தால் அதிர்ஷ்டம். கோயில் நிலம், மடத்து நிலம், சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்களின் நிலம், பாகம் பிரிக்காத கூட்டுப் பட்டா, இருபது வருடம் முன்பு செத்துப்போன தாத்தாவின் பட்டா. குத்தகைதாரரைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் வாய்வழிக் குத்தகைக்காரர் யாரும் அதைக் கேட்கத் துணிய மாட்டார். கேட்டால் அடுத்த வருடம் நிலம் வேறு ஆளுக்குப் போய்விடும். அடங்கலில் சாகுபடி செய்பவர் என்று நம் பெயரை ஏற்றினால் நிவாரணம் நமக்கு வரும் என்பது விதி. ஏற்றுவதற்கு நில உரிமையாளர் ஆட்சேபிக்காமல் இருக்க வேண்டும் என்பது நடைமுறை.

என் ஒன்பது மாவின் உரிமையாளர் தாம்பரத்தில் இருக்கிறார். அப்பா காலத்துப் பழக்கம், நல்ல மனிதர். அவர் கணக்கில் நிவாரணம் ஏறிய அன்றே போன் செய்தார்.

"மாமா, ஏதோ பணம் வந்திருக்கு, வயலுக்குன்னு போட்டிருக்கு. உங்களுக்குத்தானே?"

"ஆமாம் தம்பி, போன மாசம் மூழ்குச்சே, அதுக்கு."

"அப்ப உங்க நம்பருக்கே அனுப்பிடுறேன்."

அனுப்பியும் விட்டார், முழுசாக. இப்படி ஒருவர் அமைந்தது என் கொடுப்பினை. எங்கள் தெருவிலேயே ஒருவருக்கு உரிமையாளர் பாதியைப் பிடித்துக்கொண்டு, மீதியைக் குத்தகை பாக்கியில் கழித்துக்கொண்டார். செலவு செய்தவர் கைக்கு ஒரு ரூபாய் வரவில்லை. இன்னொருவர் உரிமையாளரிடம் கேட்கவே இல்லை. கேட்டால் உறவு கெடும் என்றார். அரசின் கணக்கில் இந்த மூன்று வயலுக்கும் நிவாரணம் வழங்கப்பட்டுவிட்டது. சேவை நூறு சதவீதம் வெற்றி. 2025-ல் ஊர் ஊராக முகாம் போட்டு விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுத்தார்கள். அதுவும் நில உடைமைப் பதிவை வைத்தே தரப்படுவதால் குத்தகைக்காரர் பாடு அங்கேயும் வெளியே நிற்பதுதான். அதற்கு முந்தைய நவம்பரில் வேளாண் கல்லூரி மாணவர்களைக் கொண்டு டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்பு நடத்தினார்கள். பிள்ளைகள் வெயிலிலும் சேற்றிலும் அலைந்தார்கள். எந்த வயலில் என்ன பயிர் என்று ஏறியது. யார் போட்ட பயிர் என்பதுதான் இன்னும் ஏறவில்லை.

காப்பீட்டுக்கு வருவோம். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம், 2016-லிருந்து. சம்பாவுக்கு நாம் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம், ஏக்கருக்கு ஐநூற்றுச் சொச்சம் வரும். மிச்ச பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. கடன் வாங்கியவர்கள் கட்டாயம் சேர வேண்டும் என்று முன்பு இருந்தது, 2020-லிருந்து விருப்பம்தான். நவம்பர் 15 கடைசி நாள் என்பார்கள். கடைசி வாரத்தில் இ-சேவை மையத்தில் சர்வர் படுத்துவிடும், மழை கொட்டும், அடங்கல் வாங்கக் கூட்டம் நிற்கும், அப்புறம் தேதியை நீட்டுவார்கள். கட்டிவிடுங்கள். இவ்வளவு குறைந்த பிரீமியத்துக்கு வேறு எங்கும் கிடைக்காது.

ஆனால் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். இது உங்கள் வயலுக்கான காப்பீடு அல்ல, உங்கள் வருவாய் கிராமத்துக்கானது. கிராமத்துக்குப் பொதுவாக நான்கு பயிர் அறுவடைப் பரிசோதனை. எந்த சர்வே எண் என்பதைக் குலுக்கல் முறையில் எடுப்பார்கள். அந்த வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரத்தைக் கயிறு கட்டிப் பிரித்து, அதை மட்டும் அறுத்து, தார்ப்பாயில் அடித்து, தூற்றி, எடை போடுவார்கள். வேளாண்மைத் துறை ஆள் இருப்பார், காப்பீட்டு நிறுவனத்தின் ஆளும் இருப்பார். கயிறு எந்த மூலையில் விழுகிறது என்பதில் எல்லோருக்கும் ஒரு கண். வரப்போரம் மேடாக இருக்கும், அங்கே விழுந்தால் எடை ஏறும். நடுப்பள்ளத்தில் விழுந்தால் இறங்கும். 25 சதுர மீட்டர் நெல்லை ஒரு சாக்கில் கட்டித் தராசில் தொங்கவிட்டிருக்கிறார்கள், சுற்றி இருபது பேர் மூச்சு விடாமல் முள்ளைப் பார்க்கிறார்கள். எங்கள் ஊரில் எடை குறைந்தால் கைதட்டுகிற ஒரே நாள் அதுதான்.

இப்படி வந்த சராசரியை, கடந்த ஏழு வருடத்தில் மோசமான வருடங்களைக் கழித்துப் போட்ட உத்தரவாத மகசூலோடு ஒப்பிடுவார்கள். எத்தனை சதவீதம் குறைவோ அத்தனை சதவீதம் காப்பீட்டுத் தொகை. ஒரு பேச்சுக்கு, ஆயிரம் கிலோ விளைய வேண்டிய இடத்தில் எண்ணூறு விளைந்தது என்றால் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு. எங்கள் கிராமத்தில் பாதி மேட்டு நிலம், பாதி பள்ளம். குலுக்கலில் மேட்டு வயல்கள் வந்த வருடம் பள்ளத்துக்காரன் எல்லாம் பறிகொடுத்தும் ஒன்றும் வராது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வேறு கிராமம். அவர்களுக்கு ஏக்கருக்குப் பத்தாயிரத்துக்கு மேல் வந்த வருடத்தில் எங்களுக்குப் பூஜ்யம். பங்காளிகளே பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை. தனி வயலுக்குச் சேதம் என்றால் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொன்னால் தனியாக வந்து பார்ப்பார்கள் என்று ஒரு பிரிவு உண்டு. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு எல்லாம் அதில் இருக்கிறது. டெல்டாவில் நிலச்சரிவுக்கு நாங்கள் எங்கே போவது? நெல் வயல் மூழ்குவதை மட்டும் 2018-ல் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2026 ஜூனில் தொடங்கும் காரிஃப் பருவத்திலிருந்து திரும்பச் சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் அறிவித்தது. இந்த மதிப்புரையில் நான் மனமார வரவேற்கிற ஒரே திருத்தம் இது.

இரண்டுக்கும் நடுவில் விழுகிற ஒரு குழி இருக்கிறது. அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலைய வாசலில் குவித்துப் போட்டுக் காத்திருக்கிறோம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சாக்கு இல்லை, லாரி வரவில்லை, கிடங்கில் இடமில்லை என்று நாட்கள் போகும். ராத்திரி மழை அடிக்கும், தார்ப்பாய்க்கு அடியில் தண்ணீர் புகுந்து நெல் முளைக்கும். இதற்கு நிவாரணம் கிடையாது, ஏனென்றால் அது வயலில் நிற்கும் பயிர் இல்லை. காப்பீட்டில் அறுவடைக்குப் பிந்தைய 14 நாள் பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அது அறுத்து வயலிலேயே பரப்பிக் காயப்போட்ட பயிருக்கு. இயந்திரம் வந்த பிறகு எங்கள் பக்கம் யார் அப்படிக் காயப்போடுகிறார்கள்? அரிவாள் காலத்து விதியை இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். முழுச் செலவும் செய்து, விளைந்து, அறுத்து, வாசல்வரை கொண்டுவந்த நெல்லுக்குத்தான் பாதுகாப்பே இல்லை.

பணம் வந்து சேருகிற வழி பற்றிச் சுருக்கமாக. நேரடியாக வங்கிக் கணக்குக்கு வருவது நல்ல முன்னேற்றம், நடுவில் யாரும் கை வைக்க முடியாது. ஆனால் வங்கிகள் இணைந்தபோது கிளையின் ஐஎஃப்எஸ்சி எண் மாறி, பட்டியலில் பழைய எண்ணே இருந்து, பணம் திரும்பிப் போன கதை எங்கள் ஊரில் பலருக்கு உண்டு. திரும்பிய பணத்தை மறுபடி வாங்குவது முதல்முறை வாங்குவதைவிடப் பெரிய வேலை. ஒரு வங்கியில் நிவாரணத்தை நகைக்கடன் வட்டிக்கு எடுத்துக்கொண்டு மீதியைத்தான் கையில் கொடுத்தார்கள். குறுஞ்செய்தியில் தொகை மட்டும் இருக்கும். எந்த சர்வே எண்ணுக்கு, எவ்வளவு பரப்புக்கு, எத்தனை சதவீதம் சேதம் என்று எழுதினார்கள் என்பதெல்லாம் தெரியாது. மளிகைக் கடையில்கூட பில் கொடுக்கிறார்கள்.

புகார் செய்ய மாதாமாதம் ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர் கூட்டம் இருக்கிறது. அழுகிய பயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறவர்களைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். அது நாடகம் என்று நினைக்காதீர்கள். பயிரை நேரில் பார்த்தால் அதிகாரிகள் கேட்கிற கேள்வியே மாறுகிறது. தனி ஆளாகக் கொடுத்த மனுவைவிட ஊராகச் சேர்ந்து சர்வே எண் வாரியாகக் கொடுத்த மனுவுக்கு எங்களுக்கு வேலை நடந்திருக்கிறது. ஜனவரி 26 கிராம சபையும் சரியான நேரத்தில் வருகிறது. கணக்கெடுப்புப் பட்டியலை அங்கே படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு வருடம் படித்தார்கள். இரண்டு பெயர் விட்டுப்போனது அங்கேயே தெரிந்து, அன்றே எழுதிக்கொண்டார்கள்.

மதிப்பெண் போடச் சொன்னால் நிவாரணத்துக்கு ஐந்துக்கு இரண்டரை. தொகை சின்னது, தாமதமாக வரும், பட்டாக்காரருக்கு வரும், ஆனால் வரும். நாம் ஒன்றும் கட்டவில்லை என்பதையும் நினைவில் வைத்திருக்கிறேன். காப்பீட்டுக்கு இரண்டு. வந்தால் நிவாரணத்தைவிடப் பெரிதாக வரும், ஆனால் வருவதற்குள் அடுத்த சம்பாவுக்கு நாற்றே விட்டிருப்போம். இரண்டும் தனித்தனி. ஒன்று வாங்கினால் மற்றது கிடையாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், இரண்டையுமே வாங்கலாம்.

புதிதாகக் குத்தகைக்கு எடுத்திருக்கும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். நிலத்தைப் பேசி முடிக்கும்போதே, வெள்ளம் வந்து நிவாரணம் வந்தால் யாருக்கு என்பதையும் பேசிவிடுங்கள். முன்பணம் கொடுக்கிற நேரத்தில் உரிமையாளர் சிரித்துக்கொண்டே சரி என்பார், தை மாதம் தண்ணீரில் நின்றுகொண்டு கேட்டால் அந்தச் சிரிப்பு இருக்காது. அடங்கலில் பெயர் ஏற்றச் சம்மதித்தால் இன்னும் நல்லது. தண்ணீர் நிற்கும்போதே வயலில் இறங்கிப் படம் எடுங்கள், வரப்பிலிருந்து எடுத்த படம் எல்லா வயலுக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். காப்பீட்டு ரசீது கையில் வந்ததும் மையத்தைவிட்டு வெளியே வருவதற்கு முன்னால் கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் உட்பிரிவோடு சரிபாருங்கள். எங்கள் ஊர்ப் பெயரில் இதே வட்டத்தில் இன்னொரு கிராமம் இருக்கிறது, கணினியில் இரண்டும் அடுத்தடுத்து வரும். ஒரு வருடம் எங்கள் தெருக்காரர் ஒருவரின் பிரீமியம் அந்த ஊரில் ஏறிவிட்டது. அந்த வருடம் பார்த்து அந்த ஊருக்குத்தான் காப்பீடு வந்தது. அங்கே அவருக்கு நிலம் இல்லை என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். கட்டிய பிரீமியத்தைத் திருப்பிக் கேட்டு அவர் போட்ட மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது.